பெற்றோர் வீட்டுக் கேமராக்கள் இன்னும் நிறுவியவரின் கணக்கிலேயே இருக்கின்றன: எப்படி மீட்பது?

காவிரிக்கரை

அனைவருக்கும் வணக்கம். பாபநாசத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் என் அப்பாவும் அம்மாவும் தனியாக இருக்கிறார்கள். நான் புனேயில் வேலை பார்க்கிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் வீட்டில் நான்கு கேமராக்களும், அவற்றின் படங்களைப் பதிந்துவைக்கும் டிவிஆர் பெட்டி ஒன்றும் பொருத்தினோம். நான்கும் 2 மெகாபிக்சல், கோஆக்சியல் ஒயரில் இயங்குபவை. டிவிஆருக்குள் 1 டிபி ஹார்டு டிஸ்க் இருக்கிறது. அண்மையில் கொல்லைப்புறத்தில் வைத்திருந்த காலி சிலிண்டர் காணாமல் போய்விட்டது. எப்போது போனது என்று பார்க்க உட்கார்ந்தபோதுதான் இந்த ஏற்பாட்டில் எத்தனை ஓட்டைகள் இருக்கின்றன என்று தெரிந்தது.

கொல்லைக் கேமரா பொழுது சாய்ந்ததும் அணைந்து, விடிந்த பிறகுதான் திரும்ப வருகிறது. வாசலில் உள்ள டோம் (அரைக்கோள வடிவ) கேமரா இரவிலும் படம் தருகிறது, ஆனால் படம் முழுவதும் வெளுத்துப்போய், கேட்டுக்கு அருகில் நிற்பவர் ஆணா பெண்ணா என்றுகூடத் தெரிவதில்லை. பதிவு ஆறு நாளுக்கு மேல் பின்னால் போவதில்லை. சிலிண்டர் அதற்கு முன்பே போயிருக்க வேண்டும். இவற்றையெல்லாம்விட என்னைக் கலங்க வைத்தது வேறு: என் கைபேசிச் செயலியில் தெரியும் படம், நிறுவியவர் தம்முடைய கணக்கிலிருந்து எனக்குப் பகிர்ந்தது. அட்மின் கடவுச்சொல் அவரிடம் மட்டுமே இருக்கிறது. பல முறை அழைத்தும் அவர் எடுக்கவில்லை.

வேறொரு குழுவில் கேட்டபோது, டிவிஆரின் அடியில் உள்ள ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்பினால் ஐந்து நிமிடத்தில் ரீசெட் செய்து தருவதாக ஒருவர் சொன்னார். அனுப்பலாமா? ஸ்டிக்கரின் படத்தையும் வாசல் கேமராவின் இரவுப் படத்தையும் இங்கே இணைத்திருக்கிறேன்.

மட்டுறுத்துநர்

ஸ்டிக்கரின் படத்தை நீக்கிவிட்டேன். அதில் கருவியின் வரிசை எண்ணும் க்யூஆர் கோடும் சரிபார்ப்புக் குறியீடும் தெளிவாகத் தெரிந்தன. இரவுப் படத்தில் தெருப்பெயர்ப் பலகை தெரிந்த மூலையை மறைத்து மீண்டும் இணைத்திருக்கிறேன். அந்த நபருக்கு இன்னும் அனுப்பவில்லை என்றால், அனுப்ப வேண்டாம்.

பழையதொலைபேசி

அம்மா, வணக்கம். தொலைபேசித் துறையில் கம்பிகளோடு வாழ்க்கையைக் கழித்துவிட்டு, ஓய்வு பெற்ற பின் இங்கே பதில் எழுதுபவன் நான். உங்கள் நான்கு கேள்விகளில் மூன்று வெறும் மின்சாரமும் வெளிச்சமும் கணக்கும் சம்பந்தப்பட்டவை. அவற்றை நண்பர்கள் எளிதாகத் தீர்த்துவிடுவார்கள். நான்காவதை முதலில் எடுத்துக்கொள்வோம்.

பல கருவிகளில் அந்த ஸ்டிக்கரில் உள்ள வரிசை எண்ணும் சரிபார்ப்புக் குறியீடும் இருந்தால், எந்தக் கணக்கோடும் இணைக்கப்படாத டிவிஆரை உலகின் எந்த மூலையிலிருந்தும் தம் கணக்கில் சேர்த்துக்கொள்ள முடியும். உங்களுடையது ஏற்கெனவே ஒருவர் கணக்கில் இருப்பதால் அது உடனே நடக்காது. ஆனால் நாளைக்கே அவர் அதை விடுவித்தால், நீங்கள் சேர்ப்பதற்குள் வேறு யாரேனும் சேர்த்துக்கொள்ளக்கூடும். பழைய மாதிரிகள் சிலவற்றில் வரிசை எண்ணையும் கருவி காட்டும் தேதியையும் வைத்தே ரீசெட் குறியீட்டைக் கணக்கிட்டுவிடலாம். ஐந்து நிமிடத்தில் செய்து தருகிறேன் என்றவர் அந்த வழியைத்தான் மனத்தில் வைத்திருக்க வேண்டும். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனாலும் உங்கள் அம்மா காலையில் கோலம் போடும் நேரத்தையும் அப்பா கடைத்தெருவுக்குப் போய்வரும் நேரத்தையும் பார்க்கக்கூடிய ஒரு வாசலை முன்பின் தெரியாதவரிடம் திறந்து கொடுப்பதற்கு அது காரணமாகாது.

உதவ வருகிறவர் கடவுச்சொல், ஓடிபி, க்யூஆர் கோடு ஆகியவற்றையோ, உங்கள் கைபேசித் திரையைத் தொலைவிலிருந்து இயக்கும் அனுமதியையோ கேட்டால், அவருடைய உதவியே வேண்டாம். நமக்குத் தேவையானது மெனுவில் எந்தப் பக்கத்தில் நிற்கிறீர்கள் என்ற விவரம் மட்டுமே. கேமராவின் படத்தைப் பார்த்தே ஆகவேண்டிய நிலை பத்தில் ஒன்றிரண்டு சிக்கல்களில்தான் வரும். உங்கள் வாசல் கேமரா அத்தகையது.

மதுரைமின்

கொல்லைக் கேமராவைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பகலில் வேலை செய்து இருட்டியதும் அணைகிற கேமரா பெரும்பாலும் பழுதான கேமராவாக இருக்காது. அதற்குப் போதிய மின்னழுத்தம் போய்ச் சேரவில்லை. இருட்டியதும் அகச்சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்குவதால், கேமரா இழுக்கும் மின்னோட்டம் ஒரேயடியாக ஏறிவிடும். ஒயர் மெல்லியதாகவும் நீளமாகவும் இருந்தால் அழுத்தம் வழியிலேயே இறங்கிவிடும், கேமரா அணையும், அணைந்ததும் சுமை குறைந்து மீண்டும் உயிர்பெறும், விளக்கு எரிந்ததும் மீண்டும் சாகும்.

கணக்கைப் பாருங்கள். ஒரு கோஆக்சியலும் மூன்று மெல்லிய கம்பிகளும் சேர்ந்த த்ரீ ப்ளஸ் ஒன் ஒயரில் மின்சாரம் போகும் கம்பி 0.2 சதுர மில்லிமீட்டர் செம்பு என்றும், டிவிஆருக்கும் கொல்லைக்கும் இடையே 40 மீட்டர் என்றும் வைத்துக்கொள்வோம். போக, வர 80 மீட்டர். மீட்டருக்கு ஏறத்தாழ 0.086 ஓம் வீதம் மொத்தத் தடை 6.9 ஓம். இரவில் அரை ஆம்பியர் இழுத்தால் 3.4 வோல்ட் வழியிலேயே போய்விடும். 12 வோல்ட்டில் மிஞ்சுவது 8.6. கம்பி முழுச் செம்பாக இல்லாமல் செம்பு பூசியதாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். மலிவாக விற்கும் சுருள்களில் பெரும்பாலானவை அப்படித்தான் இருக்கின்றன.

இதைச் சோதிக்க இரவு வரை காத்திருக்க வேண்டாம். உள்ளூர் எலக்ட்ரீஷியனிடம் மல்டிமீட்டர் இருக்கும். பகலிலேயே கேமராவின் முகத்தைக் கறுப்புத் துணியால் மூடச் சொல்லுங்கள். சில நொடிகளில் உள்ளே வடிகட்டி நகரும் 'டிக்' ஓசை கேட்கும், விளக்குகள் மங்கிய சிவப்பாகத் தெரியும். அந்த நேரத்தில் கேமரா முனையில் உள்ள டிசி பின்னில் எவ்வளவு காட்டுகிறது என்று பார்த்தால் போதும்.

காவிரிக்கரை

மிக்க நன்றி ஐயா. எலக்ட்ரீஷியன் வந்து பார்த்தார். கேமராக்களுக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டியில் 12.1 வோல்ட் இருக்கிறது. கேமரா முனையில் துணி மூடாதபோது 10.8, மூடியதும் 8.7 வரை இறங்கி, அப்படியே அணைந்துவிட்டது. கேமராவையே மாற்ற வேண்டும் என்று முன்பு ஒருவர் சொல்லியிருந்தார். இனி ஒயரை முழுவதும் மாற்ற வேண்டுமா?

மதுரைமின்

வேண்டாம். அதே ஒயரில் உள்ள கோஆக்சியல் பகுதி படத்தைக் கொண்டுவர 40 மீட்டருக்குத் தாராளமாகப் போதும். மின்சாரத்தை மட்டும் பக்கத்திலிருந்து கொடுங்கள். கொல்லைப்புறத்தில் மோட்டார் சுவிட்சுக்கோ குளியலறைக்கோ 230 வோல்ட் இணைப்பு நிச்சயம் இருக்கும். அங்கே மழை படாத பெட்டிக்குள் 12 வோல்ட், 1 ஆம்பியர் அடாப்டர் ஒன்றை வைத்து, அங்கிருந்து கேமராவுக்கு நேரே கொடுத்து, பழைய மின்கம்பியைக் கழற்றிவிடுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸில் உள்ள திருகைத் திருப்பி அழுத்தத்தை ஏற்றலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பக்கத்திலேயே இருக்கும் மற்ற மூன்று கேமராக்களுக்கும் அந்தக் கூடுதல் அழுத்தம் போகும்.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் இன்வெர்ட்டர் கொல்லை இணைப்புக்கு மின்சாரம் தராவிட்டால், மின்தடை நேரத்தில் அந்தக் கேமரா மட்டும் அணைந்துவிடும். அது ஏற்க முடியாதது என்றால், தடித்த கம்பி ஒன்றைத் தனியாக இழுப்பதுதான் வழி.

வடக்குவாசல்

வாசல் கேமராவின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூன்று காரணங்கள் ஒன்றாகச் சேர்ந்திருப்பதாகத் தோன்றுகிறது. சன்ஷேடுக்கு அடியில், வெள்ளையடித்த தளத்தை ஒட்டியே டோம் கேமராவை மாட்டியிருக்கிறார்கள். அகச்சிவப்பு ஒளி முதலில் அந்த வெள்ளைப் பரப்பில் பட்டுத் திரும்புவதால், அதைத்தான் காட்சி என்று கேமரா எண்ணி வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்கிறது. கேட்டு இருட்டில் மூழ்குகிறது. படத்தின் இடது மேல் மூலையில் பளிச்சென்று குறுக்கே ஓடும் கோடுகள் சிலந்தி இழைகள். அவற்றை மாதம் ஒரு முறை ஒட்டடைக் குச்சியால் மெதுவாக எடுத்தாலே பாதி வித்தியாசம் தெரியும். பூச்சிகள் வந்து அடையும் இடத்தில் சிலந்திகள் மீண்டும் வலை கட்டத்தான் செய்யும்.

மூன்றாவது, பலரும் கவனிக்காதது. டோமின் கண்ணாடி மூடியைக் கழற்றினால், லென்சைச் சுற்றி மென்மையான கறுப்பு நுரை வளையம் ஒன்று இருக்கும். மூடியை மாட்டும்போது அந்த வளையம் கண்ணாடியின் உட்புறத்தோடு இடைவெளியின்றி ஒட்ட வேண்டும். நுரை நசுங்கியிருந்தாலோ, மாட்டியவர் கோணத்தைத் திருப்பிவிட்டுச் சரியாக அழுத்தாமல் விட்டிருந்தாலோ, பக்கத்து விளக்குகளின் ஒளி மூடிக்குள்ளேயே வழிந்து லென்சுக்குள் புகும். படம் முழுவதும் பால் ஊற்றியது போலாகிவிடும். மூடியின் உட்புறத்தை விரலால் தொடாமல், மென்துணியால் துடைத்து மாட்டச் சொல்லுங்கள். விரல்ரேகை பட்டாலே இரவில் ஒரு மேகமாகத் தெரியும்.

இவ்வளவு செய்தும் தீராவிட்டால், அமைப்பில் அகச்சிவப்பு விளக்கை அணைத்துவிட்டு வாசலில் ஒரு சாதாரண எல்இடி விளக்கை இரவு முழுவதும் எரியவிடுங்கள். வாசலுக்கு அதுதான் எப்போதும் என் முதல் தேர்வு. வண்ணத்தில் படம் கிடைக்கும், சட்டையின் நிறம் தெரியும்.

கோவைநிறுவுநர்

நான் இதே தொழிலைச் செய்பவன். கோயம்புத்தூரில் வீடுகளுக்கும் சிறு கடைகளுக்கும் கேமரா மாட்டுகிறேன். நிறுவியவரைத் திருடன் போலப் பேசும் தொனி இங்கே வந்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். வேலை முடிந்து கிளம்பும்போது செயலியில் கணக்கு தொடங்க வேண்டும் என்று சொன்னால், பெரியவர்கள் பலர் மின்னஞ்சல் முகவரி இல்லை என்கிறார்கள். பிள்ளைகள் தொலைபேசியில் கிடைப்பதில்லை. ஓடிபி வரும் எண் ஒன்று, கையில் இருக்கும் எண் வேறொன்று. ஆகவே எங்கள் கணக்கில் சேர்த்து, அவர்களுக்குப் பகிர்ந்துவிட்டு வருகிறோம். இரவு பத்து மணிக்குப் பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று அழைப்பு வரும்போது எங்களுக்கும் அதுதான் எளிது.

இது சரியான நடைமுறை என்று நான் வாதாட வரவில்லை. வீட்டைக் கட்டி முடித்த கொத்தனார் சாவியைத் தம் இடுப்பிலேயே வைத்துக்கொள்வது போன்றதுதான் இது. ஆனால் பெரும்பாலும் இதற்குப் பின்னால் இருப்பது சோம்பல்தான். அவருக்கு வாட்ஸ்அப்பில் எழுத்தில் ஒரு செய்தி அனுப்புங்கள்: இன்ன வீட்டு டிவிஆரை உங்கள் கணக்கிலிருந்து நீக்குங்கள், அட்மின் கடவுச்சொல்லை என் அப்பாவிடம் நேரில் ஒப்படையுங்கள் என்று. அழைப்பை எடுக்காதவர்கள்கூட எழுத்துக்குப் பதில் சொல்வார்கள். அப்படியும் பதில் வராவிட்டால், ரசீதோடு தயாரிப்பாளரின் சேவை மையத்தைத்தான் அணுக வேண்டும்.

தாமிரபரணி

ஒன்று கேட்கிறேன். பழைய மாதிரிகளுக்கு ரீசெட் குறியீடு கணக்கிடத் தெரிந்தவர்கள் இங்கேயே இரண்டு மூன்று பேர் இருக்கிறீர்கள். ரசீதும் இல்லாமல், நிறுவியவரும் அகப்படாமல் தவிக்கும் எழுபது வயதுக்காரரிடம் சேவை மையத்துக்குப் போங்கள் என்று சொல்வது உதவியா? கிராமத்திலிருந்து தஞ்சாவூர் வரை டிவிஆரைத் தூக்கிக்கொண்டு போகவேண்டுமா? தெரிந்ததைச் சொல்லிக்கொடுக்காமல் வைத்திருப்பது எனக்கு ஒப்பவில்லை.

பழையதொலைபேசி

தம்பி, உங்கள் ஆதங்கம் நியாயமானது. இருந்தும் நான் அதைச் செய்வதில்லை. செய்பவர்களையும் இங்கே தடுப்பேன். காரணத்தைச் சொல்கிறேன்.

திரைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் அந்த டிவிஆரின் உரிமையாளர்தானா என்று அறிய நமக்கு வழியில்லை. திருடிக்கொண்டுபோன டிவிஆரைத் திறக்க விரும்புபவரும் இதே சொற்களில்தான் கேட்பார். பிரிந்து வாழும் மனைவியின் வீட்டில் ஒரு காலத்தில் தாம் மாட்டிய கேமராவுக்குள் மீண்டும் நுழைய விரும்பும் கணவரும் இதே சொற்களில்தான் கேட்பார்; கடவுச்சொல்லை மாற்றியது அந்தப் பெண்ணாக இருக்கும். வாடகைக்கு விட்ட வீட்டின் உரிமையாளரும் அப்படித்தான். உண்மையாகத் தவிக்கும் பத்துப் பேருக்கு ஒரு பேருந்துப் பயணம் மிச்சமாவதற்காக, பதினோராவது ஆளுக்கு ஒரு பெண்ணின் வீட்டைத் திறந்துவிடும் ஆபத்தை நான் ஏற்கமாட்டேன்.

சேவை மையம் என்பதற்கு எப்போதும் நேரில் போக வேண்டும் என்று பொருளல்ல. இப்போதைய கருவிகளில் பல, கடவுச்சொல் மறந்த நிலையில் திரையிலேயே ஒரு கோப்பையோ க்யூஆர் கோடையோ உருவாக்கித் தரும். அதைத் தயாரிப்பாளரின் அதிகாரபூர்வ உதவி எண்ணுக்கு அனுப்பினால், ரசீதையோ உரிமையைக் காட்டும் வேறு ஆதாரத்தையோ கேட்டுச் சரிபார்த்துவிட்டுத் தீர்வு தருவார்கள். அந்தக் கோப்பை உருவாக்கவே டிவிஆருக்கு முன்னால், அதே வீட்டு வலையமைப்பில் இருக்க வேண்டும். அந்தத் தடை வேண்டுமென்றே வைக்கப்பட்டது. அதைச் சுற்றிப் போகும் குறுக்குவழியை நாம் காட்டக் கூடாது. கூட வந்து மெனுவைக் காட்டவும், எந்த எண்ணை அழைப்பது என்று சொல்லவும், அப்பாவிடம் தொலைபேசியில் பொறுமையாக ஒரு மணி நேரம் பேசவும் நான் தயார்.

தாமிரபரணி

வாடகை வீட்டைப் பற்றி நான் யோசிக்கவில்லை. இருந்தாலும், இந்த விதியால் நேர்மையானவர்களுக்குத்தான் அதிக அலைச்சல் என்ற என் கருத்தில் மாற்றமில்லை.

கோவைநிறுவுநர்

அலைச்சல் உண்மைதான். ஆனால் ரசீதைக் கேட்டு வாங்கும் பழக்கம் வந்தால் அதில் பெரும்பகுதி இருக்காது. துண்டுச்சீட்டில் தொகையை மட்டும் எழுதித் தரும் நம்மவர்களையும் நான் சேர்த்தே சொல்கிறேன்.

வடக்குவாசல்

கடவுச்சொல் கைக்கு வந்ததும் என்ன செய்ய வேண்டும் என்பதையும் இங்கேயே எழுதிவிடலாம். 2016 அக்டோபர் 21 அன்று அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற பெரிய தளங்கள் பலருக்கு மணிக்கணக்கில் திறக்கவில்லை. டைன் என்ற நிறுவனத்தின் பெயர்த்தீர்வுச் சேவை (தளத்தின் பெயரை இணைய முகவரியாக மாற்றித் தருவது) மீது 'மிராய்' என்ற தீநிரலால் பிடிக்கப்பட்ட கருவிகள் ஒரே நேரத்தில் பாய்ந்ததுதான் காரணம். அந்தக் கருவிகளில் கணிசமானவை வீட்டு டிவிஆர்களும் ஐபி கேமராக்களும். மிராய் நுட்பமான பூட்டு எதையும் உடைக்கவில்லை. தொழிற்சாலையிலிருந்து வரும் பயனர்பெயர், கடவுச்சொல் இணைகள் அறுபதுக்கும் மேற்பட்டவற்றை வரிசையாக முயன்று பார்த்தது, அவ்வளவுதான். மின்சாரத்தை அணைத்துப் போட்டால் அது நினைவகத்திலிருந்து போய்விடும். கடவுச்சொல்லை மாற்றாவிட்டால் சில நிமிடங்களில் திரும்ப வந்துவிடும்.

ஆகவே அட்மின் கடவுச்சொல்லை மாற்றுங்கள். அதே பட்டியலில் நிறுவியவர் தமக்கென்று தொடங்கிய வேறு பயனர் இருந்தால் நீக்குங்கள். ரூட்டரில் யுபிஎன்பி (கருவிகள் தாமாகவே வெளியே வழி திறந்துகொள்ளும் வசதி) இயங்கினால் அணையுங்கள். 80, 554, 8000 போன்ற போர்ட் (கருவியின் நுழைவாயில்) எண்களுக்கு வெளியிலிருந்து வழி திறக்கப்பட்டிருந்தால் மூடுங்கள். இந்த ஆண்டுகளில் பெரும்பாலான ஃபைபர் இணைப்புகளில் பல வீடுகள் ஒரே பொது முகவரியைப் பங்கிட்டுக்கொள்வதால், அந்த வழிகள் வேலை செய்யாமலே கிடக்கும். நாளை சேவையை மாற்றினால் திடீரென்று உயிர்பெறும். மென்பொருள் புதுப்பிப்பு இருந்தால் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். புதிதாக வாங்குகிறவர்களுக்கு ஒரு செய்தி: மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் 2024 ஏப்ரலில் கண்காணிப்புக் கேமராக்களுக்கான பாதுகாப்புத் தேவைகளை அறிவித்து, 2025 ஏப்ரல் முதல் அவற்றின்படியான பரிசோதனையைக் கட்டாயமாக்கியிருக்கிறது. பழைய சரக்கைத் தள்ளுபடியில் தருகிறார்கள் என்றால், மாதிரி எண்ணைக் கேட்டு அந்தச் சான்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

மதுரைமின்

ஆறு நாள் கணக்கு விடுபட்டுவிட்டது. ஒவ்வொரு கேமராவும் நொடிக்கு 4 மெகாபிட் என்று அமைக்கப்பட்டிருந்தால், மணிக்கு 1.8 ஜிபி, நாளுக்கு 43.2 ஜிபி; நான்குக்கும் சேர்த்து 172.8 ஜிபி. 1 டிபி வட்டு ஆறு நாளுக்குச் சற்று முன்பே நிரம்பி, பழையதன் மேல் எழுதத் தொடங்கிவிடும். உங்கள் அனுபவம் அப்படியே பொருந்துகிறது. டிவிஆர் எச்.265 என்ற படச்சுருக்க முறையை ஏற்குமானால், அதற்கு மாற்றி நொடிக்கு 2 மெகாபிட் வையுங்கள். படத்தில் பெரிய வேறுபாடு தெரியாமல் பதினோரு நாள் கிடைக்கும். நொடிக்கு 25 படங்கள் என்பதை 15 ஆக்கினாலும் வீட்டுக்குப் போதும். அப்போது அந்த 2 மெகாபிட்டிலும் ஒவ்வொரு படத்துக்கும் கூடுதல் இடம் கிடைக்கும்.

அசைவு இருக்கும்போது மட்டும் பதிவு என்ற முறையைக் கொல்லைக்கு வைக்கலாம் என்று சொல்ல வந்தேன். ஆனால் கொல்லை என்றால் முருங்கை போன்ற மரம் ஏதேனும் இருக்கும். படப்புள்ளி மாறுவதை மட்டும் பார்க்கும் கேமராவுக்கு, காற்றில் ஆடும் முருங்கையும் சுவர் ஏறிக் குதிப்பவரும் ஒன்றுதான். அந்தப் பகுதியைக் கண்டறியும் பரப்பிலிருந்து அழித்துவிட்டால் ஒழிய, அம்முறையால் பயனில்லை. வட்டை மாற்றுவதாக இருந்தால், இரவும் பகலும் எழுதுவதற்கென்று செய்யப்பட்ட கண்காணிப்பு வகையையே வாங்குங்கள். பழைய கணினியிலிருந்து கழற்றியது வேண்டாம்.

வழக்குரை

சிலிண்டர் கிடைக்காது என்றே வைத்துக்கொண்டாலும், அடுத்த முறைக்காகச் சிலவற்றைச் சொல்லிவைக்கிறேன். நான் வழக்கறிஞர், இது பொதுவான விளக்கம் மட்டுமே.

ஏதேனும் நடந்துவிட்டால் முதல் வேலை, அந்த நேரப் பதிவைப் பென் டிரைவில் எடுத்துவிடுவது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் வட்டு அதன் மேல் எழுதிவிடும். எடுப்பதற்கு முன், டிவிஆர் திரையில் தெரியும் நேரத்தையும் உங்கள் கைபேசியில் தெரியும் நேரத்தையும் ஒரே படத்தில் வருமாறு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டிவிஆரின் கடிகாரம் இருபது நிமிடம் பின்தங்கியிருந்தால் அதைத் திருத்திவிடாதீர்கள். வேறுபாட்டை எழுதி வையுங்கள், பதிவை எடுத்த பிறகு திருத்துங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் (புதிய சாட்சியச் சட்டம்) 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவுகளோடு இரண்டு பகுதிகள் கொண்ட சான்றிதழ் ஒன்றைக் கேட்கிறது. முதற்பகுதியைப் பதிவைத் தருபவரும் இரண்டாம் பகுதியை வல்லுநரும் நிரப்ப வேண்டும். கோப்பின் ஹாஷ் மதிப்பையும் (அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் அடையாளக் குறியீடு) குறிப்பிட வேண்டும். பதிவை வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் கோப்பு சுருக்கப்பட்டு, அந்த மதிப்பு மாறிவிடும். காவல்துறையினர் டிவிஆரையே எடுத்துச் செல்வதாக இருந்தால், வரிசை எண்ணைக் குறிப்பிட்டு ஒப்புகை வாங்குங்கள்.

காவிரிக்கரை

நடந்ததைச் சொல்கிறேன். நிறுவியவருக்கு எழுத்தில் செய்தி அனுப்பினேன். அன்று இரவே பதில் வந்தது. அவர் இப்போது மஸ்கட்டில் வேலையில் இருக்கிறார். பழைய எண் அவருடைய மைத்துனரிடம் இருக்கிறது. என் அப்பாவிடம் பேசி, கடவுச்சொல்லைச் சொல்லி, அப்பா அதை மாற்றி முடிக்கும் வரை தொடர்பில் இருந்து, பிறகு தம் கணக்கிலிருந்து டிவிஆரை விடுவித்தார். அடுத்த நிமிடமே என் தம்பி வீட்டிலிருந்தபடி அதை அப்பாவின் பெயரில் தொடங்கிய கணக்கில் சேர்த்தான். பயனர் பட்டியலில் இன்னும் ஒரு பெயர் இருந்தது, யாருடையது என்று அவருக்கே நினைவில்லை, நீக்கிவிட்டோம். இப்போது எனக்கும் தம்பிக்கும் அப்பாதான் பகிர்ந்திருக்கிறார். கொல்லைக் கேமரா அடாப்டரில் ஓடுகிறது. வாசல் டோமைக் கழற்றியபோது நுரை வளையம் ஒரு பக்கம் மடிந்திருந்தது.

புதிதாக ஒரு கேள்வி. அம்மாவுக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை ஆகப் போகிறது. பகலில் உதவிக்கு ஓர் அம்மையார் வருவார். கூடத்தில் ஒரு வைஃபை கேமரா வைத்தால் நான் இங்கிருந்து பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். இதில் ஏதேனும் தவறு உண்டா?

வழக்குரை

வீட்டுக்குள் வரும்போது சட்டத்தின் பார்வை மாறுகிறது. ஒருவரின் அந்தரங்க உறுப்புகளை ஒப்புதலின்றிப் படம் எடுப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66E பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். தனிமையில் இருக்கும் பெண்ணைப் பார்ப்பதையும் பதிவு செய்வதையும் பாரதிய நியாய சன்ஹிதாவின் (புதிய தண்டனைச் சட்டம்) 77ஆம் பிரிவு தண்டிக்கிறது. கூடத்தில் வைக்கும் கேமரா இவற்றில் நேரடியாக வராது. ஆனால் ஒரே வீட்டில் வசிக்கும் மற்றவர்களின் ஒப்புதலின்றிக் குடியிருப்புப் பகுதிக்குள் கேமரா வைக்கக் கூடாது என்று கொல்கத்தா உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, அதில் தலையிட உச்ச நீதிமன்றம் 2025இல் மறுத்திருப்பதையும் நினைவில் வையுங்கள். உங்கள் அம்மாவின் ஒப்புதல் முதலில் வேண்டும். உங்கள் வசதிக்காக அவர் சம்மதிப்பது வேறு, விரும்பிச் சம்மதிப்பது வேறு.

பழையதொலைபேசி

உதவிக்கு வரும் அம்மையாரிடம் முதல் நாளே கேமராவைக் காட்டிச் சொல்லிவிடுங்கள். ஒலிப்பதிவை அணைத்துவிடுங்கள், அவர் தம் வீட்டாரோடு பேசுவது உங்களுக்குத் தேவையில்லை. உடை மாற்றவும் புண்ணுக்கு மருந்து போடவும் அம்மா எந்த அறையைப் பயன்படுத்துவாரோ அதன் கதவு படத்தில் விழாதபடி கோணத்தை வையுங்கள், அல்லது மறைப்புப் பகுதி வசதியால் அந்த மூலையைக் கறுப்பாக்குங்கள். லென்சை உள்ளே திருப்பி மூடிக்கொள்ளும் வகை கேமரா என்றால் இன்னும் நல்லது; வேண்டாதபோது அம்மாவே மூடிவிடலாம்.

காவிரிக்கரை

அம்மாவிடம் கேட்டேன். கூடத்தில் வேண்டாம் என்றார். பின்கட்டுக் கதவைப் பார்த்தபடி உள்ளே ஒன்று இருக்கட்டும், நான் விழுந்தால் கைபேசியில் கூப்பிடுகிறேன் என்றார். அப்படியே செய்யப் போகிறோம். அந்த இடத்தில் வைஃபை ஓரளவுதான் கிடைக்கிறது, ரூட்டர் முன்னறையில் இருக்கிறது. சேர்க்கும்போது கேமராவைக் கைபேசி கண்டுபிடிக்கவே மாட்டேன் என்கிறது.

வடக்குவாசல்

மலிவு விலைக் கேமராக்களில் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் மட்டுமே இயங்கும். உங்கள் ரூட்டர் 2.4க்கும் 5க்கும் ஒரே பெயரை ஒளிபரப்பினால், கைபேசி 5இல் ஏறிக்கொள்ளும், கேமரா தவித்து நிற்கும். ரூட்டரின் அமைப்பில் 5 கிகாஹெர்ட்ஸைத் தற்காலிகமாக அணைத்துவிட்டுச் சேர்த்துப் பாருங்கள். சேர்ந்த பின் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். முன்னறைக்கும் பின்கட்டுக்கும் இடையே உள்ளவை பழைய செங்கல் சுவர்கள் என்றால், சேர்ந்தாலும் அடிக்கடி அறுபடும். ஏற்கெனவே கொல்லைக் கேமராவுக்காக ஒயர் போகும் குழாய் வழியில் ஒரு கேட்6 இணைய ஒயரை இழுத்து, பின்கட்டில் இன்னொரு சிறிய ரூட்டரை வைத்துவிடுங்கள். குழாயில் இடம் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்டு எழுதுங்கள்.